சென்றி அண்ணை சைக்கிளை விட்டு இறங்கிய இடங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த தமிழர்களிலேயே அதிகம் பயந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், சென்றி அண்ணை முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனால் பரிசை வாங்க மேடைக்கு மட்டும் வந்திருக்க மாட்டார். மேடையில் வெளிச்சம் இருக்கும், வெளிச்சத்தில் நிற்பவனைத் தூரத்திலிருந்து குறிபார்ப்பது சுலபம் என்று சொல்லிவிடுவார்.

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெற்றோல் செட்டில் நானும் அவரும் வேலை செய்தோம். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஊரில் ராணுவக் காவலரணை நாங்கள் சென்றி என்போம். சென்றியைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பி இருந்தால் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மறந்துபோய் ஏறியபடியே போனவர்களைப் பற்றிய கதைகள் சிரிக்கிற கதைகள் அல்ல. லண்டனுக்கு வந்து கொஞ்சக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அண்ணையின் கால்கள் மட்டும் அதை மறக்கவில்லை.

சீருடை என்று எதைக் கண்டாலும் இறங்கிவிடுவார். தபாற்காரரைக் கண்டால் இறங்குவார். கார்களுக்கு அபராதம் எழுதுகிற வார்டனைக் கண்டால் இறங்குவார். பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகை பிடித்துப் பிள்ளைகளைத் தெருக் கடக்க விடுகிற வெள்ளைக்காரக் கிழவிக்கு முன்னால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தலையையும் குனிந்து நடப்பார். இந்தப் பகுதியிலேயே மரியாதை தெரிந்த சைக்கிள்காரர் நீர் ஒருவர்தான் என்று அந்தக் கிழவி கிறிஸ்மஸுக்கு ஒரு சொக்லேட் பெட்டி கொடுத்தாள். அதை அவர் தொடவில்லை. என்னிடம் நீட்டி, “தம்பி, நீ ஒண்டு தின்” என்றார். தின்றேன். பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரம் என்னை எண்ணெய்த் தகரங்கள் அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துப் போனார்.

“தம்பி, சின்னவனுக்குக் கலியாணம்.”

சின்னவன் அவருடைய ஒரே தம்பி. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் அகதியாக இருந்தான். அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பார்த்துக்கொண்டபோது சின்னவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. தகப்பன் இல்லை. தாய் யாழ்ப்பாணத்தில், வெளியே வரப் பாதை இல்லை. தாலிக்கொடியும் கூறைச் சேலையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்று உலகத்தில் மிச்சமிருந்தது சென்றி அண்ணை ஒருவர்தான். அவர் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கலியாணம் இல்லை.

“நல்ல விஷயம்தானே அண்ணை. பிளேனிலை போங்கோ.”

“பிளேனுக்கை பிடிபட்டா எங்கை ஓடுறது?”

“அப்ப ரெயின்?”

“ரெயின் அதைவிட மோசம். ரெண்டு பக்கத்தாலும் அவங்கள் ஏறினா நடுவிலை நாங்கள். சைக்கிள் எண்டா, பிரச்சினை வந்தாப் போட்டிட்டு வயலுக்கை பாயலாம்.”

அவரிடம் முறையான பயணப் பத்திரம் இருந்தது. விசாவும் இருந்தது. அதைச் சொன்னேன்.

“பத்திரம் வைச்சிருக்கிறவனைத்தான் முதல் பிடிப்பாங்கள். இல்லாதவன் முதலே ஓடியிருப்பான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தனியப் போகப் பயமாக் கிடக்கடா. நீயும் வா. பிடிச்சா ரெண்டு பேரையும் பிடிப்பாங்கள், எனக்கு ஒரு ஆறுதல்.”

இவ்வளவு அன்பாக ஒருவர் அழைத்தால் மறுக்க முடியுமா? லீவு போட்டேன். அப்டன் பார்க் கடைத்தெருவில் கூறை வாங்கினோம். அங்கேயே தாலிக்கொடியும் செய்வித்தோம். கூறையை மூன்று பொலித்தீன் பைகளுக்குள் போட்டுக் கரியரில் கட்டினார். தாலிக்கொடியை ஒரு துணிப்பட்டிக்குள் தைத்து இடுப்பில் கட்டி, அதற்கு மேல் பெனியன், சேர்ட், ஸ்வெற்றர், மழைக்கோட்டு என்று அடுக்கினார். பார்க்கிறவர்களுக்கு ஆள் ஒரே இரவில் கொழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான் இரவல் வாங்கிய கூடாரம் செம்மஞ்சள் நிறம். அதைக் கண்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஹெலிகொப்டரிலிருந்து பார்த்தால் தெரியுமாம். ஹெலி ஏன் வரப்போகிறது என்று கேட்டேன். வராது என்று எழுதித் தருவாயா என்று கேட்டார். கடைசியில் கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி அதன்மேல் ஒட்டினோம்.

கப்பலில் ஒல்லாந்துக்குப் போய் இறங்கி, அங்கிருந்து கிழக்கே மிதித்தோம். ஒல்லாந்து தட்டையான தேசம். எவனும் ஒளிந்திருக்க இடமில்லாததால் அண்ணை அங்கே ஓரளவு நிம்மதியாக இருந்தார். எல்லையில்தான் முதற் கண்டம். ஜெர்மன் பொலிஸ்காரர் ஒருவர் தூரத்தில் நிற்பது தெரிந்ததுமே இறங்கிவிட்டார். என்னையும் இறக்கினார். தொப்பிகளைக் கழற்றி, தூறலில் நனைந்தபடி உருட்டிக்கொண்டு போனோம். பொலிஸ்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். தன் காவற்கூண்டுக்குள் போய் ஒரு காற்றுப் பம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, இரண்டு சைக்கிளுக்கும் காற்றடித்துவிட்டார். பத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“கண்டியே தம்பி?” என்றார் அண்ணை, பொலிஸ்காரர் கண்ணுக்கு மறைந்ததும். “டயருக்கை என்ன அடிச்சு விட்டிருக்கிறாங்களோ தெரியேல்லை.”

அந்த நல்ல காற்றைப் பிடுங்கிவிட்டு எங்கள் கைப்பம்பால் அடித்தோம். மூச்சு வாங்கியது எனக்கு.

இனி நான் சொல்லவந்த அந்த மழைநாள். அடுத்த நாள் காலை முகூர்த்தம். அன்று பின்னேரத்துக்குள் சின்னவனின் ஊருக்குப் போய்விடலாம் என்று கணக்கு. விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஒரு வயலோரம் கூடாரம் அடித்து, அண்ணையின் கட்டளைப்படி அதன்மேல் மரக்கொப்பும் இலைகுழையும் வெட்டிப் பரப்பியிருந்தோம். ஒருவர் கண்ணுக்கும் படக் கூடாது என்பது அவருடைய நோக்கம். அது முழு வெற்றி. ஏனென்றால் அந்த வயற்காரரின் கண்ணுக்கும் நாங்கள் படவில்லை.

உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். சத்தம் வந்துகொண்டேயிருந்தது. நிலம் அதிர்ந்தது. “ஆமியின்ரை ராங்கி வருகுது!” என்று கத்தினார் அண்ணை. நாங்கள் கூடாரத்தோடு சேர்ந்து உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தோம். குழைக் குவியல் ஒன்று வீரிட்டுக்கொண்டு உருள்வதைக் கண்ட வயற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இறங்கி, வந்த வழியே ஓடினார். அந்தக் காலையில் எங்கள் மூவரில் அதிகம் பயந்தது யார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சமைக்க அடுப்பு இருந்தது. ஆனால் புகை தெரியுமாம். நனைந்த பாணும் கட்டைச் சம்பலும் தின்றுவிட்டுப் புறப்பட்டோம். மழை விடவில்லை. கண்ணாடி போட்டவன் நான், எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் நிறைந்து, மிதிக்கும்போதெல்லாம் சளக் சளக் என்றது. காடு தொடங்கியதும் அண்ணை பிரேக் போட்டார்.

“இறங்கு! சென்றி!”

வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், நாலு மரக்கால்களின்மேல் பலகையால் அடித்த சின்னக் கூண்டு ஒன்று நின்றது. ஏணியும் இருந்தது. சுடுவதற்கு ஓட்டையும் இருந்தது. உண்மையைச் சொன்னால் நானும் தொப்பியில் கை வைத்துவிட்டேன்.

“அண்ணை, அது வேட்டைக்காரர் மான் பாக்கிற பரண்.”

“அப்ப துவக்கோடைதானே இருப்பாங்கள்?”

தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு உருட்டினோம். அந்த நாட்டில் ஒவ்வொரு காட்டோரத்திலும் அப்படி ஒரு பரண் உண்டு என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் ரெயினுக்கே போயிருப்போம். ஏறிக் கொஞ்சத் தூரம் மிதிப்பதற்குள் அடுத்த பரண் வரும். இறங்குவோம். தொப்பியைக் கழற்றுவோம். மழை நேரே மண்டையில் விழும். இப்படியே மத்தியானம் கழிந்து பின்னேரமாயிற்று. பாதி வழிதான் வந்திருந்தோம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரமாட்டோமோ என்று எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. அண்ணையும் அதையே நினைத்திருக்க வேண்டும். கோட்டுக்கு மேலால் இடுப்பை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார். “சின்னவன் பாத்துக்கொண்டு நிப்பான்” என்று இரண்டு தரம் தனக்குள்ளே சொன்னார்.

நடுக்காட்டில், ஓர் இறக்கத்தின் உச்சியில் நிற்கும்போதுதான் அது கேட்டது.

வெடி.

ஒன்று. பிறகு இன்னொன்று. கிட்டத்தில்.

சென்றி அண்ணை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். “படு!” என்று கத்திவிட்டு, சைக்கிளை விட்டு அப்படியே சேற்றில் குப்புற விழுந்தார். அவரைப் பார்த்து இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்த நானோ படுக்கவில்லை. எனக்கு மூளை நின்றுவிட்டது. காலுக்கு வந்தபடி மிதித்தேன். இறக்கத்தில், ஈரச் சருகில், பிரேக் பிடிக்காத சைக்கிளில். வளைவில் பாதை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

பள்ளத்துக்குள் கிடந்தபோது வலது கணுக்கால் வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது. எழும்பப் பார்த்தேன், ஏலவில்லை. இன்னொரு வெடி கேட்டது. மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இங்கே நான் பகிடி விடப் போவதில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். எந்த நாடு, என்ன வருடம் என்பதெல்லாம் மறந்துபோய், அம்மா அம்மா என்று அழுதேன்.

சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து அண்ணை வந்து சேர்ந்தார். என் காலைப் பார்த்தார். தொட்டார். நான் போட்ட கூச்சலில் கையை எடுத்துவிட்டார்.

“உன்னைத் தூக்கிக்கொண்டு போக என்னாலை ஏலாது” என்றார். “ஆரையாவது கூப்பிடவேணும்.”

கூப்பிட அங்கே யார் இருந்தார்கள்? மரங்களுக்கிடையால் கீழே எட்டிப் பார்த்தோம். காடு முடிகிற இடத்தில் ஒரு வெளி. பெரிய வெள்ளைக் கூடாரம். அதைச் சுற்றி ஆட்கள், நூறு பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் பச்சைச் சீருடை, பச்சைத் தொப்பி. தோளில் துவக்கு.

ஒரு முழு முகாம்.

அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மழைக்கோட்டைக் கழற்றினார். ஸ்வெற்றரை உயர்த்தினார், சேர்ட்டை உயர்த்தினார், பெனியனை உயர்த்தினார். இடுப்பிலிருந்த பட்டியை அவிழ்த்து என் கையில் வைத்து விரல்களை மடக்கினார். கோட்டை என்மேல் போர்த்திவிட்டார்.

“நான் திரும்பி வராட்டில், நீ எப்பிடியாவது இதைச் சின்னவனிட்டைக் குடு.”

“அண்ணை, வேண்டாம். போகாதேங்கோ.”

“இருட்டினாக் குளிரிலை விறைச்சுப் போவாய். கத்தாமக் கிட.”

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, அந்த மனிதர் மழைக்குள் இறங்கிப் போனார். சரிவில் இரண்டு தரம் சறுக்கினார். விழும்போதுகூடக் கையைக் கீழே விடவில்லை. மரங்கள் அவரை மறைத்தன. நான் பட்டியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கிடந்தேன்.

ஒரு வெடி கேட்டது.

அதைத் தொடர்ந்து நூறு தொண்டைகள் சேர்ந்து போட்ட பெரிய ஆரவாரம். அதற்குப் பிறகு, நான் கனவிலும் எதிர்பாராதபடி, பாண்ட் வாத்தியம்.

ஆளைச் சுட்டுவிட்டுப் பாண்ட் அடிக்கிற சாதியும் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, உழவு இயந்திரம் ஒன்று பெட்டியை இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் ஏறி வந்தது. பெட்டியில் ஆறேழு பச்சைச் சீருடைகள். நடுவில் சென்றி அண்ணை, கழுத்தில் இலைமாலையோடு, கையில் அவர் வாழ்நாளில் தொட்டேயிராத பியர்க் கோப்பையோடு, யாரோ பிடித்து வைத்த பொம்மை மாதிரி அசையாமல் இருந்தார்.

“தம்பி” என்றார், உதடு அசையாமல். “சிரி. நாங்கள் சிரிச்சா இவையும் சிரிக்கினம்.”

விஷயம் பிறகுதான் விளங்கிற்று. அந்தப் பக்கத்து ஊர்களில் கோடைக்குக் கோடை துப்பாக்கிச் சங்கத்தார் விழா எடுப்பார்களாம். மரத்தால் செய்த ஒரு பறவையைக் கம்பத்தின் உச்சியில் வைத்து ஆளுக்கொரு வெடியாகச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்து ராஜா. அண்ணை கையைத் தூக்கிக்கொண்டு வெளிக்குள் கால் வைத்த அதே நேரம் பறவை விழுந்திருக்கிறது. நல்ல சகுனம் என்று அவருக்கு மாலை போட்டிருக்கிறார்கள்; அவர் காட்டைக் கைகாட்டக் காட்ட, வண்டியும் எடுத்திருக்கிறார்கள்.

“நூறு பேரும் கையைத் தூக்கினாங்களடா” என்றார் அண்ணை. “என்னைக் கண்டு பயந்து சரணடையிறாங்களாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

பச்சைச் சீருடை போட்ட டாக்டர் ஒருவரே என் காலை இழுத்துக் கட்டினார். முறியவில்லை, புரண்டிருக்கிறது என்றார். புதிய ராஜா அந்த ஊர் இறைச்சிக்கடைக்காரர். பெரிய வயிறு, நெஞ்சில் வெள்ளிச் சங்கிலி. அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. கலியாண விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. இரவு தன் வீட்டிலேயே தங்கவைத்தார். விடிந்ததும், விழா இன்னும் முடியாததால் சீருடையும் சங்கிலியுமாக, ராஜாவே தன் இறைச்சிக்கடை வானை ஓட்டினார். துணைக்கு நாலு பச்சைச் சீருடைகள் பின்னால் ஏறிக்கொண்டன.

இதிலுள்ள ஆபத்து எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கலியாணம் ஊரோரத்து ஒரு பழைய வீட்டில். அதற்குப் பின்னால் ஆளுயரச் சோளம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வேறு மாவட்டத்து அகதிகள். தங்கள் எல்லையைத் தாண்டுவதற்கு அவர்களுக்கு அனுமதி கிடையாது, பிடித்தால் வழக்கு. அந்த வாசலில்தான் எங்கள் வான் நின்று, ஐந்து சீருடைகள் கதவைத் திறந்துகொண்டு இறங்கின.

வீட்டுக்குள் ஒரு குரல்: “பொலிஸ்!”

ஜன்னல்களெல்லாம் திறந்தன. முதலில் பாய்ந்தவர் ஐயர். அவரும் வேறு மாவட்டம்தானே. அவருக்குப் பின்னால் மேளக்காரர், சமையற்காரர், பெண்ணின் மாமன்மார். தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைசியாகப் பாய்ந்தது மாப்பிள்ளை. சோளம் சரசரத்து, பிறகு அடங்கிவிட்டது. நான் நொண்டி நொண்டி உள்ளே போனபோது மணவறையில் பெண் மட்டும் இருந்தாள்.

“நீங்கள் ஓடேல்லையோ?” என்று கேட்டேன்.

“ரெண்டு தரம் ஓடி ஓடித்தான் இங்கை வந்தனான் அண்ணை. இனி ஏலாது” என்றாள்.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. சோளத்துக்குள் ஒருவரும் அசையவில்லை. ராஜாவும் பரிவாரமும் ஒன்றும் விளங்காமல் முற்றத்தில் நின்றார்கள். அப்போது சென்றி அண்ணை சோளத்துக்குள் இறங்கினார். கைகளை வாய்க்கு இரு பக்கமும் வைத்துக்கொண்டு, என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து கேட்டேயிராத சொற்களைச் சத்தம் போட்டுச் சொன்னார்.

“பயப்பிடாதேங்கோ! ஒண்டும் இல்லை! வெளியிலை வாங்கோ, இவை நல்ல ஆக்கள்!”

சோளத்தை விலக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனார்.

“சின்னவா, நானடா! கொண்ணன் வந்திருக்கிறன்!”

கொஞ்சத் தூரத்தில் சோளம் விலகியது. முதலில் தலைப்பாகை தெரிந்தது. பிறகு, அடர்ந்த மீசையுள்ள ஒரு முழு ஆண்பிள்ளை எழும்பி நின்றான். அண்ணைக்கு அடையாளமே தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்தது. பட்டு வேட்டி சேற்றில் இழுபட ஓடிவந்து, அண்ணனைக் கட்டிப்பிடித்து, சின்னப்பிள்ளை மாதிரிக் குரல் விட்டு அழுதான். சோளத்துக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். ஐயரின் குடுமியில் சோளப்பூ.

முகூர்த்தம் முடிய இருந்த கடைசிச் சில நிமிஷங்களில் தாலி கட்டியாயிற்று. ராஜாவும் நாலு சீருடைகளும் வாழையிலை கிடைக்காத அந்த ஊரில் காகிதத் தட்டில் சோறு வாங்கி, கையால் குழைத்து, உறைப்பில் அழுது அழுது தின்றார்கள். அண்ணை அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பருப்பு விட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்ல அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அண்ணை, நேற்று அந்தக் கூடாரத்தடிக்குப் போகேக்கை உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

“பயம் இல்லாமலோ? கால் ரெண்டும் என்ரை சொல்லுக் கேக்கேல்லை.”

“பிறகு ஏன் போனனீங்கள்?”

பருப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு லேசான கேள்வியை ஒருவன் கேட்பானா என்கிற பார்வை.

“நீ என்னைவிடப் பயந்துபோய்க் கிடந்தியே” என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அந்த மழைக்குப் பிறகு அது ஒரு குறையாக எனக்குத் தெரிந்ததில்லை.